பனி தள்ளுற பிளேடு

12.6.2006, திங்கள்

இன்று மூன்று மோட்டார் வேலை. அய்யனாரண்ணனின் மீன்பிடி போட்டு மோட்டாரில் மறுபடியும் உப்பு அடைத்துக்கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியில் ஓட விடுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது. "சரிடா பொன்னு, சரிடா பொன்னு" என்பார், செய்ய மாட்டார். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பேன். அவரிடம் கத்த வாய் வராது. சுனாமி அன்று என் மகளைக் கவுனைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்த கை அவருடையது.

சாயங்காலம் மோட்டார் கொண்டுவர வழி வேணுமே என்று மம்பட்டி எடுத்து ரோட்டில் மணல் வாரினேன். கால்வாசிகூட ஆகவில்லை. இடுப்பு விட்டுப்போச்சு.

18.6.2006, ஞாயிறு

டவுன் பக்கம், கடல் எட்டாத செம்மண்டலம் போய் வந்தேன். மலர்க்கொடியும் மகள் சிந்துவும் அங்கே மச்சான் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருசம் ஆகிறது. கட்டின பெண்டாட்டியைப் பார்க்க வாராவாரம் மிக்சர் பொட்டலத்தோடு பஸ் ஏறுகிற ஆள் நான்.

"நீங்க இங்கயே வந்துடுங்க" என்று இன்றும் சொன்னாள். இருபது நாள் இருந்து பார்த்தவன்தானே. போட்டு கரை ஏறும்போது மெக்கானிக் கரையில் நிற்கணும். நான் பஸ் பிடித்து வரும்வரை எவன் காத்திருப்பான்? அதோடு தில்லைநாதன் மச்சான் ரொம்ப நல்லவர். ஸ்கூலில் கிளார்க். குரலே உயராது. அந்த வீட்டில் நான் தும்மினால்கூட சண்டை போட்ட மாதிரி இருக்கிறது.

கோபத்தில் கேட்டுவிட்டேன். "இன்னும் எத்தினி நாளுக்குடி தண்ணிக்குப் பயந்துகிட்டு?"

அவள் கோபப்படவில்லை. "தண்ணிக்குப் பயம் இல்லைங்க. தண்ணி வந்துது, போச்சு. மணல்தான். ஓடறப்ப காலு பொதைஞ்சிடுச்சு. ஒரு காலை இழுத்தா இன்னொண்ணு உள்ள போவுது. இடுப்புல இருந்து புள்ள நழுவுறா, தெரியுது, புடிக்க முடியல."

இத்தனை நாள் நான் இதைக் கேட்கவே இல்லை. அன்றைக்கு நான் பாண்டியில் ஸ்பேர் வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால் கேட்க பயம். வேறென்ன.

பஸ் ஏறும்போது சொன்னாள். "அலைக்கப்புறம் போட்டாங்களே சிமெண்ட் ரோடு, நம்ம வாசல்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும். அது மேல மணல் இல்லாம எப்பவும் இருக்கும்னா சொல்லுங்க. வந்துடுறேன்."

19.6.2006

எட்டு வைத்து நடந்து எண்ணிப் பார்த்தேன். வாசலிலிருந்து மெயின் ரோடு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. இன்று வாரினால் நாளைக்குக் காற்று திரும்பக் கொண்டுவந்து கொட்டும்.

21.6.2006, புதன்

நாலு சக்கர பைக் கடைசியில் கிளம்பிவிட்டது.

சுனாமிக்கு உதவி செய்ய வந்த வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனம் மணலில் சாமான் இழுக்கக் கொண்டுவந்த வண்டி அது. பட்டை டயர் நாலு, பைக் மாதிரி ஹேண்டில். உப்பு பட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஊர்ப் பஞ்சாயத்துக்கே கொடுத்துவிட்டார்கள். சரி பண்ணினால் நீயே வைத்துக்கொள், எங்கள் மோட்டாரைக் கரையிலிருந்து இழுத்துக் கொடுத்தால் போதும் என்றார் தலைவர். ஆறு வாரம் அதோடு மாரடித்தேன்.

அந்த நிறுவனத்து வெள்ளைக்கார எஞ்சினியர் பார்க்க வந்தார். கிளம்பும் நாள் நெருங்குகிறதாம். என் இங்கிலீசும் அவர் கையும் சேர்ந்து ஒரு மாதிரி பேசினோம். ரோட்டு மணலைக் காட்டினேன். அவர் சிரித்தார். அவர் ஊரில் இதே வண்டிக்கு முன்னால் இரும்புப் பிளேடு மாட்டி வாசல் பனியைத் தள்ளுவார்களாம். அவருடைய அப்பா எண்பது வயதில் தள்ளுகிறாராம்.

சாயங்காலம் திரும்ப வந்து ஒரு புத்தகம் கொடுத்தார். முழுக்க பிளேடு. எது வேண்டும் என்று குறித்துக் கொடு, ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றார்.

25.6.2006, ஞாயிறு

மச்சான் வீட்டுக் கூடத்தில் பிளேடு புத்தகத்தை விரித்து வைத்து மலர், சிந்து, நான். நேராக ஒன்று. நடுவில் மூக்கு மாதிரி மடங்கினது ஒன்று. பிளாஸ்டிக், இரும்பு. கையால் லிவர் பிடித்துத் தூக்குவது, பேட்டரியில் தானே தூக்கிக்கொள்வது. அகலம் நாலடி, நாலரை, ஐந்து.

பேட்டரி சாமான் உப்புக் காற்றுக்கு ஒரு மாசம் தாங்காது. லிவர்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூக்கு மடங்கினது எதற்கு, நேர் போதும். இடது பக்கமோ வலது பக்கமோ சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

அகலத்தில் வந்தது வினை. மலர் சொன்னாள், "நாலடி எடுங்க. மணல் கனம். நம்ம வண்டி இழுக்கணும்ல." நான் சிரித்தேன். ரெண்டு தடவையில் ரோடு முடியணும் என்றால் ஐந்தடிதான் என்றேன். மெக்கானிக் நானா நீயா என்றும் ஒரு வார்த்தை விட்டேன். அவள் எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

ஐந்தடியில் டிக் போட்டேன். பக்கத்தில் சிந்து ஒரு பூ வரைந்துவிட்டாள். அப்படியே எஞ்சினியருக்குக் கொடுத்துவிட்டேன்.

14.9.2006

வரவில்லை.

2.12.2006

வரவில்லை. மறந்திருப்பார். மம்பட்டி பிடி உடைந்துவிட்டது.

19.1.2007, வெள்ளி

வந்துவிட்டது. மெட்ராஸ் ஹார்பரில் மூன்று வாரம் கிடந்து, லாரி ஆபீசில் ஒரு வாரம் கிடந்து, மரப்பெட்டியில் வந்தது. பெட்டி மேலே சிந்து வரைந்த அதே பூவை அவர் பேனாவால் வரைந்து அனுப்பியிருக்கிறார்.

உள்ளே மஞ்சள் பிளேடு, பிரேம், லிவர், போல்ட் ஒரு பை. காளான் மாதிரி ரெண்டு இரும்பு வேறு, தட்டையான அடி, நடுவில் தண்டு. ஆடாமல் இருக்கப் பெட்டியில் பாரத்துக்கு வைத்தது போல. எதிர்வீட்டு மங்கலம் அக்கா கேட்டது, கருவாட்டு வலை மேலே வைக்க. கொடுத்துவிட்டேன்.

22.1.2007, திங்கள்

மானம் போச்சு.

ஊரே வேடிக்கை பார்க்க வண்டி எடுத்தேன். முதல் இருபது எட்டு நன்றாகத் தள்ளியது. அப்புறம் பிளேடு நிறைய மணல் சேர்ந்து, வண்டி மூச்சு முட்டி நின்றது. பின்னால் எடுத்து வேகமாக வந்தேன். பிளேடு அடி சிமெண்ட் இணைப்பில் மாட்டியது. வண்டி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. ஹேண்டிலுக்கு மேலே பறந்து மணலில் விழுந்தேன். ரோட்டில் ஒரு கை அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்துவிட்டது.

அய்யனாரண்ணன் ஓடிவந்து தூக்கினார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அரை மணி நேரம் சிரித்தார்.

நாலடி எடுங்க என்று சொன்னாள். சொன்னாளே.

25.1.2007

மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நேற்று முழு ரோடும் முடித்தேன். வடக்குப் பக்கம் காலி மனை, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று அங்கே ஒதுக்கினேன். இன்று காலையில் பார்த்தால் அத்தனையும் ரோட்டில். அடிக்கிறது வாடைக்காற்று, வடக்கிலிருந்து. கடல்கரையில் பிறந்தவனுக்கு இதுகூடத் தோணவில்லை.

சரி என்று தெற்குப் பக்கம் ஒதுக்கினேன். அது மங்கலம் அக்கா வாசல். கருவாட்டு மேலே மணல் விழுந்துவிட்டது. "மண்ணோட கருவாட்டை எவன்டா திம்பான், நீ திம்பியா?" என்றது. நானும் பதிலுக்குப் பேசினேன். ரொம்பப் பேசினேன். இனிமே என் வாசல் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டது.

29.1.2007, திங்கள்

பிளேடைக் கழற்றி, பஸ் மேலே கட்டி, சிதம்பரம் கொண்டுபோனேன். அங்கே ராமாமிர்தம் என்று ஒருவர், டிராக்டருக்கு வயல் சமன் பண்ணுகிற பலகை செய்கிறவர். என் வயதுதான் இருக்கும். வாய் ஜாஸ்தி.

"சேத்தைப் பத்தி கேளு சொல்றேன். பனியைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றார். ஆனால் பிளேடைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டி இன்ஜின் எவ்வளவு என்று கேட்டார். "ஐந்தடி யாரு கேட்டது?" என்றார். நான்தான் என்றேன். "வூட்ல கலந்துக்கலையா?" என்றார். கலந்துகொண்டேன் என்று எப்படிச் சொல்வது.

ரெண்டு பக்கமும் அரை அடி வெட்டி நாலடி ஆக்கினார். கூட வந்த படத்தாளைப் பார்த்தவர் நிமிர்ந்தார். "இது எங்க?" படத்தில் பிளேடின் அடியில் ரெண்டு காளான். அதுதான் பிளேடுக்குச் செருப்பாம். அது தரையில் உரசிக்கொண்டு போகும், பிளேடு ரெண்டு விரல் அகலம் மேலேயே நிற்கும், சிமெண்டில் மாட்டாது. அடியில் கொஞ்சம் மணல் தங்கும், தங்கட்டும், கால் புதையாது.

"எங்க வெச்சிருக்க?" என்றார்.

கருவாட்டு மேலே என்றேன்.

30.1.2007

மங்கலம் அக்கா வாசலில் போய் நின்றேன். அஞ்சு நாளாக முகம் கொடுக்காத மனுசி. அந்த இரும்பைத் திருப்பிக் கொடுக்கா என்றேன்.

"பொழுது விடிஞ்சா மணலு மணலுன்னு எதுக்குடா இந்தப் பைத்தியக்காரத்தனம்? ஊர்ல எவனுக்கும் இல்லாத மணலா உனக்கு?"

சொன்னேன். மலர் சொன்னது எல்லாவற்றையும். அன்றைக்கு நான் இல்லாததையும்.

அக்கா வலையைத் தூக்கி ரெண்டு இரும்பையும் எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தது. "மலருக்காவா? இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

கருவாட்டைக் கொல்லைப் பக்கம் மாற்றிக்கொள்கிறதாம். வாசல் பள்ளத்தில் மழைத் தண்ணி நிற்கிறது, அந்த மணலை அங்கேயே தள்ளு, மேடாகட்டும் என்றது.

4.2.2007, ஞாயிறு

ஆறு மணிக்கே தள்ளி முடித்தேன். செருப்பு மாட்டின பிளேடு வெண்ணெய் மாதிரி போகிறது. பதினோரு மணிக்கு மலர் வந்தாள், மச்சானும் சிந்துவும் கூட. மெயின் ரோட்டில் இறங்கி ரோட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

"நாலடியா?" என்றாள்.

"நாலடி" என்றேன். அப்பவே சொன்னேனே என்று அவள் குத்திக்காட்டவில்லை. அதற்கே ஒரு நன்றி சொல்லணும்.

நடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் நடுவிலேயே, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்று அறுபதில் நின்றுவிட்டாள். உள்ளங்கை எல்லாம் வேர்வை. "இன்னைக்குப் போதுங்க" என்றாள்.

இன்னும் இருநூத்தி ஐம்பதுதான்டி, வீடு அங்க தெரியுது பாரு — சொல்ல வாயெடுத்தேன். அய்யனாரண்ணன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

போன பிறகு வண்டியை ஒரு உதை உதைத்தேன். அது என்ன செய்யும் பாவம்.

17.6.2007

தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. இனி ஆடி முடியும்வரை வடக்குப் பக்கம் ஒதுக்கணும்.

மலர் இன்று இருநூத்தி எண்பது எட்டு நடந்தாள்.

26.12.2007, புதன்

மூன்று வருசம். காலையில் ஊரோடு கடல்கரையில் பூ போட்டு, பால் ஊற்றி வந்தோம். நான் அலைக்கு முன்னால் போய் நிற்கவில்லை, எப்போதும் போல.

பத்து மணிக்கு யாரோ வாசலில் நிழல் ஆடுகிற மாதிரி. நிமிர்ந்தால் மலர். தனியாக. பஸ் ஏறி, இறங்கி, நானூற்றுப் பன்னிரண்டு எட்டும் தனியாக நடந்து வந்திருக்கிறாள்.

வாசல்படியில் உட்கார்ந்தாள். காலைச் சிமெண்டை விட்டு எடுக்கவில்லை. டீ கொடுத்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்றாள். வீட்டை எட்டிப் பார்த்து, "ஒட்டடை அடிக்க மாட்டீங்களா" என்றாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒட்டடை அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

15.3.2009, ஞாயிறு

ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். சிந்து வண்டியின் பின்னால் ஏறிக்கொள்வாள். மலர் வாசல்படியில் உட்கார்ந்து நான் தள்ளுவதைப் பார்ப்பாள். குறையும் சொல்வாள். "திரும்பும்போது பிளேடைத் தூக்குங்க, கோடு விழுது பாருங்க." சாயங்காலம் நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். இருட்டிவிட்டால் தரை தெரியாது என்பாள்.

ஒரு ராத்திரியும் தங்கியதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

15.8.2010, ஞாயிறு

பிளேடு அடி துருவேறிவிட்டது. சிதம்பரம் போய்ப் புதுப் பட்டை அடித்து வந்தேன். "இன்னும் வரலையா உன் சம்சாரம்?" என்றார் ராமாமிர்தம். வர்றா, போறா என்றேன். "அப்ப வந்தாச்சுன்னுதான அர்த்தம்" என்றார். இந்த ஆளுக்கு எல்லாம் சுலபம்.

29.12.2011, வியாழன்

புயல் நம் பக்கம்தான் வருகிறதாம். தானே என்று பேர். வண்டியைக் கொட்டகையில் விட்டு நாலு பக்கமும் கயிறு கட்டினேன். எங்களை ஸ்கூலுக்குப் போகச் சொல்கிறார்கள்.

மலர் போனில், "இப்பவே இங்க வந்துடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள். மங்கலம் அக்காவை ஸ்கூலில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

31.12.2011

ஒரு மரம் நிற்கவில்லை. வீட்டுக் கூரை பாதி இல்லை. கொட்டகைச் சுவர் பிளேடு மேலே சாய்ந்து கிடக்கிறது. தூக்குகிற லிவர் ரெண்டு துண்டு. வண்டி தப்பித்தது.

ரோடு இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு எட்டும் முட்டிவரை மணல். எங்கே ரோடு எங்கே மனை என்றே தெரியவில்லை. அஞ்சு வருசம் தினம் தினம் தள்ளினது. ஒரே ராத்திரியில்.

சுவரை நகர்த்தும்போது கூரை ஆணி காலில் ஏறிவிட்டது. அய்யனாரண்ணன் மஞ்சள் வைத்துக் கட்டினார். நடக்க முடியவில்லை. செம்மண்டலம் பக்கமிருந்து வந்த ஒருத்தர் மச்சான் வீடு நன்றாக இருக்கிறது, அவுங்க எல்லாரும் பத்திரம் என்று சொன்னார். எனக்கு அது போதும். அவளுக்கு யார் சொல்வார்கள் என்னைப் பற்றி? கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் செத்துக் கிடக்கிறது.

இனி அவள் எங்கே வர. இந்த மணலைப் பார்த்தால் மெயின் ரோட்டிலிருந்தே திரும்பிவிடுவாள். திரும்ப முதலிலிருந்து. எனக்கு நாற்பத்தி ரெண்டு வயசாகுது. முடியுமான்னு தெரியல.

1.1.2012, ஞாயிறு

மத்தியானம். காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்தேன். மங்கலம் அக்கா மெயின் ரோட்டுப் பக்கம் பார்த்து, "பொன்னு, அது யாருடா?" என்றது.

மலர். புடவையை முட்டிக்கு மேலே சொருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில். ஒவ்வொரு காலாக இழுத்து இழுத்து. நான் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தேன். அய்யனாரண்ணன் எதிரே போனார். அவர் கையைக்கூடப் பிடிக்காமல் அவரைத் தாண்டி வந்தாள்.

எனக்கு வந்தது கோபம். "அறிவிருக்காடி உனக்கு? பஸ் இல்ல, ஒண்ணு இல்ல, எப்படி வந்தே?"

"நடந்து. மரத்துக்கு மேல ஏறி, கீழ பூந்து." மூச்சு வாங்கியது. "மூணு நாளா போன் அடிக்கிறேன். எடுக்கலன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது? சொல்லுங்க. இன்னான்னு நெனைக்கிறது?"

என் தோளில், தலையில், கையில் மாறி மாறி அடித்தாள். அப்புறம் காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்து அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மணல்ல எப்படி வந்தே?" என்று ரொம்ப நேரம் கழித்துக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? இங்க வந்து உக்காந்தப்புறந்தான் பாத்தேன்."

அன்றைக்கு நான் இல்லை, மன்னிச்சுக்க என்றேன். ஏழு வருசமாகச் சொல்லாததை. "நீங்க இருந்திருந்தா உங்களுக்கும் சேத்துத்தான் பயந்திருப்பேன்" என்றாள். இன்று ராத்திரி இங்கேயே இருக்கிறாள். தார்ப்பாய் கட்டின பாதிக் கூரையில்.

6.1.2012

மச்சான் சிந்துவைக் கொண்டுவந்து விட்டார். ரெண்டு பெட்டி. உள்ளே எடுத்து வைத்தேன்.

15.1.2012, ஞாயிறு. பொங்கல்

புது லிவர் இன்னும் வரவில்லை, ராமாமிர்தம் கடையிலும் கரண்ட் இல்லை. வலைக் கயிறு கட்டி இழுத்தால் பிளேடு தூக்குகிற மாதிரி நேற்று செய்து வைத்தேன். கால் ஆறினதும் தள்ள ஆரம்பிக்கலாம் என்று.

காலையில் இன்ஜின் சத்தம் கேட்டு விழித்தேன். நொண்டிக்கொண்டு வெளியே வந்தால் வண்டி மேலே மலர். பின்னால் சிந்து. வாடைக்காற்றுக்குப் பிளேடைத் தெற்கே சாய்த்து, மேல் மணலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்து, இப்போது மேடாகிவிட்ட மங்கலம் அக்கா வாசலை மட்டும் பிளேடைத் தூக்கித் தாண்டி விடுகிறாள். திரும்பும்போது கயிற்றை இழுத்துத் தூக்குகிறாள். கோடு விழவில்லை.

"யாரு கத்துக்குடுத்தது?" என்று கத்தினேன்.

"நாலு வருசமா ஞாயித்துக்கெழமை வாசப்படில உக்காந்து வேற இன்னாத்தப் பாத்தேன்?" என்றாள். வண்டியை நிறுத்தவில்லை. "லீவு முடிஞ்சா ஸ்கூல் வேன் மெயின் ரோட்டுல நிக்கும். சிந்து நடந்து போவணும்ல."

அப்போ எனக்கு இன்னா வேலை என்றேன்.

டீ போடுங்க, சர்க்கரை கம்மியா என்றாள். போட்டேன்.